பிள்ளைகள் நன்றாக இருக்க, முதலில் பெரியவர்கள் நன்றாக இருக்க வேண்டும்: ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "நீ வேலை முடிஞ்சு வரும்போது சாவி ஒரே தடவையில பூட்டுக்குள்ள போச்சுன்னா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா. ரெண்டு மூணு தடவை இடிச்சுதுன்னா நான் உள் ரூமுக்குப் போயிடுவேன்." அவள் குரலில் குறையே இல்லை. வெயில் அடித்தால் துணி காயும் என்பதுபோல, தான் கண்டறிந்த ஒரு விஷயத்தை அப்படியே சொன்னாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுடைய படிப்பு, உடம்பு, பல், தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் என் தலைக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் என் மனநிலைக்கு இடமே இல்லை. ஆனால் அவள் தினமும் கவனித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

1999ல் வெளியிட்ட ஆய்வுக்காக எலன் கலின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார். அப்பா, அம்மாவின் வேலை உன் வாழ்க்கையைப் பாதிக்கும் விதத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்? பிள்ளை என்ன சொல்லும் என்று பெற்றோரிடமும் கேட்டார். பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், தங்களோடு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும் என்றுதான் பிள்ளை கேட்கும் என்றார்கள். பிள்ளைகளில் அப்படிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மிக அதிகம் பேர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், கேட்டது வேறு: அம்மாவும் அப்பாவும் இவ்வளவு களைப்பாகவும் டென்ஷனாகவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

நான் பல வருடங்களாக வகுப்பறையில் நிற்பவள், இரண்டு பிள்ளைகளின் அம்மா. இந்த இரண்டு இடத்திலும் நான் கற்றுக்கொண்டதையும் ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதையும் சேர்த்து, செய்து பார்க்கக்கூடிய வரிசையில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முயல வேண்டாம். ஒரு படி கொஞ்சம் பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

படி 1: உங்கள் மனநிலை பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

"நான் எதையும் பிள்ளை முன்னாடி காட்டிக்கொள்வதில்லை" என்று பல பெற்றோர் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் வார்த்தையைவிட முகத்தையும் குரலையும் உடம்பையும்தான் படிக்கிறார்கள்.

1985ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் தவழ விட்டார்கள். பாதியில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். கண்ணாடி இருப்பதால் விழ வாய்ப்பில்லை, ஆனால் அது குழந்தைக்குத் தெரியாது. மறுமுனையில் அம்மா. பேசக்கூடாது, முகத்தால் மட்டும் ஏதாவது காட்டலாம். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் பள்ளத்தைக் கடந்து வந்தார்கள். அம்மா பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. உலகம் பத்திரமான இடமா என்ற கேள்விக்கு அந்த வயதுப் பிள்ளை பதில் தேடுவது நம் முகத்தில்தான்.

தூங்கும்போதுகூட இது நிற்பதில்லை. 2013ல் ஓர் ஆய்வில், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்து, கோபமான குரலில் பேசுவதை ஒலிக்க விட்டார்கள். பெற்றோர் அடிக்கடி சண்டை போடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், பதற்றத்தோடு தொடர்புடைய பகுதிகள் அந்தக் குரலுக்குக் கூடுதலாக வேலை செய்தன. "அது தூங்குது, அதுக்கு என்ன தெரியும்" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் மூழ்க வேண்டாம். அந்தக் குற்ற உணர்ச்சியும் அதே வழியில் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பயமும் கோபமும் போகும் அதே பாதையில்தான் நிதானமும் போகிறது.

படி 2: பத்து நாள் உங்களையே கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். பொறுமை போன ஒவ்வொரு தடவையும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை மணி, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது. காரணம் தேட வேண்டாம், தீர்ப்பும் எழுத வேண்டாம்.

நான் எழுதியபோது தெரிந்தது இது: பத்து நாளில் ஏழு முறை மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். ஏழில் ஐந்து முறை, வேலையிடத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையைத் தலைக்குள் சுமந்துகொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் தாடை இறுகியது. அதுவரை "பிள்ளைகள் படுத்துகிறார்கள்" என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால், பிள்ளைகள் காலையில் செய்த அதே குறும்பைத்தான் மாலையிலும் செய்திருந்தார்கள். மாறியிருந்தது நான்.

எழுதும்போது உணர்ச்சிக்குச் சரியான பெயர் வையுங்கள். "கடுப்பு" என்ற ஒரே வார்த்தைக்குள் நாம் எல்லாவற்றையும் போட்டு அடைக்கிறோம். உள்ளே பார்த்தால் அது அவமானமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், தனிமையாக இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். பெயர் வைப்பதே கொஞ்சம் அடக்கும். 2007ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சியை வார்த்தையில் சொல்லும்போது மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது.

படி 3: வாசலில் இரண்டு நிமிடம்

உங்கள் நேரம் எது என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வையுங்கள். நான் செய்வது: வீட்டு வாசலுக்கு வந்ததும் சாவியைக் கையில் எடுப்பதில்லை. நின்று, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுகிறேன், ஆறேழு முறை. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். இது உடம்பின் அமைப்பு, நம்பிக்கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் நடக்கும். அப்புறம்தான் சாவி. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு வாசல் கிடையாது. அவர்கள் முகம் கழுவுவதையோ மொட்டை மாடிக்கு ஒரு தடவை போய் வருவதையோ வாசலாக வைத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து தூக்கம் குறைந்தால் யாருக்கும் பொறுமை நிற்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரவைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் முதல் மருந்து.

கோபம் ஏறிவிட்டால் அறையை விட்டு வெளியேறுவது தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் தப்பு. "எனக்கு இப்போ கோபமா இருக்கு. அஞ்சு நிமிஷம் தனியா இருந்துட்டு வர்றேன். வந்து பேசலாம்." இப்படிச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். திரும்பி வருவதுதான் இதில் முக்கால் பங்கு.

படி 4: உடைந்ததைச் சேர்க்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1978ல் வெளியிட்ட சோதனை இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறார். பிறகு சில நிமிடம், எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தைக் கல்போல வைத்துக்கொள்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். குரல் கொடுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பு தளரும், கடைசியில் அழும். பார்க்கவே மனசு வலிக்கும். பலர் அந்தச் சோதனையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பகுதிதான் நமக்கு வேண்டியது: அம்மா மறுபடி பழைய முகத்தோடு வருகிறார், குழந்தை கொஞ்சம் முறைத்துவிட்டு, அப்புறம் சேர்ந்துகொள்கிறது.

அன்பான அம்மா என்றால் எப்போதும் குழந்தையோடு ஒரே தாளத்தில் இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். ட்ரோனிக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நல்ல நிலையில் இருக்கும் தாய்-சேய் ஜோடிகளிலும் இருவரும் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் விலகுவதும் திரும்ப ஒட்டுவதும்தான். "விலகினாலும் மறுபடி சேர முடியும்" என்பதைக் குழந்தை ஒரு நாளில் எத்தனையோ முறை பழகுகிறது. பின்னாளில் நட்பிலும் திருமணத்திலும் அதற்குக் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

சரி, எப்படிச் சேர்ப்பது?

முதலில் நீங்கள் ஆறுங்கள். உள்ளே கொதித்துக்கொண்டே கேட்கும் மன்னிப்பு அதட்டல் போலத்தான் இருக்கும். பிறகு பிள்ளையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். என்ன செய்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்: "நான் கத்தினேன்." அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லுங்கள்: "நீ பயந்துட்டே." அது யார் பொறுப்பு என்று சொல்லுங்கள்: "எனக்கு வேற ஒரு டென்ஷன். அது உன் தப்பு இல்ல." அடுத்த முறைக்கு ஒன்று சொல்லுங்கள்: "கோபம் வந்தா தள்ளிப் போய் நின்னுட்டு வர்றேன்." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்கே ஒரு வார்த்தை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: "ஆனா". "நான் கத்தினது தப்புதான், ஆனா நீ ஏன் அப்படிப் பண்ணினே?" என்று கேட்ட நொடியில் அது மன்னிப்பாக இல்லாமல் குற்றச்சாட்டாகிவிடும். பிள்ளை செய்தது தவறு என்றால் அதைப் பேச வேண்டும்தான். அதை வேறு நேரத்தில், வேறு பேச்சாகப் பேசுங்கள். இன்னொன்று, பிள்ளை முன்னால் அழுது "நான் மோசமான அம்மா" என்று சொல்வது. உடனே பிள்ளை நம்மைத் தேற்ற ஆரம்பித்துவிடும். ஆறுதல் தேவைப்பட்டவன் ஆறுதல் சொல்பவனாக மாறிவிடுவான். பரிசு வாங்கித் தந்து சரிக்கட்டுவதும் அப்படித்தான். நடந்ததைப் பற்றிப் பேசாமல் வரும் பொம்மை, நடந்ததைப் பேசக்கூடாது என்று சொல்லித் தருகிறது.

வயதுக்கு ஏற்ப வழி மாறும். கைக்குழந்தைக்கு வார்த்தை வேண்டாம். எடுத்து அணைத்து, மெதுவான குரலில் பேசினால் போதும். நான்கைந்து வயதில், நடந்ததெல்லாம் தன்னால்தான் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அதனால் "உன் தப்பு இல்ல" என்ற வாக்கியம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பதின்பருவத்தில் நீளமாகப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், இரண்டு வாக்கியம். என் மகனுக்குப் பதினான்கு வயதில் நான் மன்னிப்புக் கேட்டபோது அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி விடு" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று நாள் கழித்து, தங்கையிடம் சத்தம் போட்டுவிட்டு அவன் தானாகவே அவள் அறை வாசலில் போய் நின்று சொன்னான்: "நான் கத்தினது தப்பு. உன்னால இல்ல, எனக்கு எக்ஸாம் டென்ஷன்."

படி 5: பெரியவர்களுக்குள் இருக்கும் உறவைச் சரி பாருங்கள்

கணவன் மனைவியாக இருக்கலாம், ஒரே வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியாக இருக்கலாம், பிரிந்து வாழும் பெற்றோராகவும் இருக்கலாம். பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் அந்தப் பிள்ளை வாழும் வீடு. சுவரும் கூரையும் அப்புறம்தான்.

சண்டையே கூடாது என்று சொல்லவில்லை. மார்க் கமிங்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடங்கள் இதையே ஆராய்ந்தவர். பெற்றோர் சண்டை போட்டு, அது தீர்வதையும் பார்த்த பிள்ளைகள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்பது அவர் கண்ட முக்கியமான விஷயம். தீராமல் தொங்குவதும், ஒருவரை ஒருவர் இழிவுபடுத்துவதும், கை ஓங்குவதும், நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும்தான் உடைக்கின்றன. பேசாமல் இருக்கும் வீடு அமைதியான வீடு என்று நினைக்காதீர்கள். அந்த அமைதியில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

நாம் பெரும்பாலும் கூடத்தில் சண்டை போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் சமாதானம் ஆகிறோம். பிள்ளைக்குப் பாதிக் கதைதான் தெரிகிறது. இதைக் கொஞ்சம் மாற்றுங்கள். தீர்ந்ததை அவர்கள் பார்க்கட்டும். பார்க்க முடியாவிட்டால் காலையில் சொல்லுங்கள்: "நேத்து நாங்க சத்தமா பேசிட்டோம். ராத்திரி உட்கார்ந்து பேசித் தீர்த்துட்டோம்." எதைப் பற்றிய சண்டை என்ற விவரம் தேவையில்லை. தீராத ஒன்றைத் தீர்ந்ததாகவும் சொல்ல வேண்டாம். "இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம், எங்க ரெண்டு பேருக்கும் உன்மேல இருக்கிற பாசத்துல மாற்றமில்ல" என்பது போதும்.

மூன்று வேலைகளைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. தூது: "போய் உங்க அப்பாகிட்ட சொல்லு." தீர்ப்பு: "நீயே சொல்லு, யார் பக்கம் நியாயம்?" மனச்சுமையைக் கேட்பது: நம் திருமணத்தின் வலியை எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இறக்கி வைப்பது. மூன்றாவது அன்பைப் போலவே தோற்றம் தரும், "என் பொண்ணு எனக்கு ஃப்ரெண்டு மாதிரி" என்று பெருமையாகக்கூட இருக்கும். அவளுக்கு அது பாரம்.

வீட்டில் அடி உதை இருந்தால் இந்தப் படியில் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பேசித் தீர்ப்பதற்கு முன்னால் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும். நம்பகமான ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

படி 6: உங்களுக்கென்று ஒரு ஆள்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்: நடு இரவில் மனசு தாங்காமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? பெயர் உடனே வந்தால் நல்லது. யோசிக்க வேண்டியிருந்தால், உங்கள் பிள்ளைக்காகவாவது இந்தப் படியில் கொஞ்சம் நில்லுங்கள்.

ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் 2006ல் வெளியிட்ட சோதனை ஒன்று என் மனதில் அப்படியே நிற்கிறது. மணமான 16 பெண்கள், தனித்தனியாக, மூளை ஸ்கேன் கருவிக்குள். லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரிக்கிறார்கள். தனியாக இருந்தபோது மூளையில் பயம் தெளிவாகத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபோது கொஞ்சம் குறைந்தது. கணவரின் கையைப் பிடித்தபோது இன்னும் குறைந்தது, அதிலும் உறவு நன்றாக இருந்தவர்களுக்கு அதிகமாக. தைரியம் நமக்குள் மட்டும் ஊறுவதில்லை, பக்கத்தில் இருப்பவரின் கை வழியாகவும் வருகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938ல் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் ஆய்வும் இதையே சொல்கிறது: முதுமையில் யார் ஆரோக்கியமாகவும் நிறைவாகவும் இருப்பார்கள் என்பதை, பணத்தையும் புகழையும்விட நெருங்கிய உறவுகளின் தரம்தான் நன்றாகக் காட்டியது.

செய்ய வேண்டியது சின்னதுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு ஆள். போனில் இருபது நிமிடமோ சேர்ந்து ஒரு நடையோ போதும். நேரம் கிடைக்கும்போது பேசலாம் என்று விட்டால் நேரம் கிடைக்கவே கிடைக்காது, அதனால் நாளைக் குறித்துவிடுங்கள். பேசும்போது அறிவுரை வேண்டாம், கேட்டால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும்.

படி 7: களைப்பைத் தாண்டிய ஒன்றா என்று பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, பசி மாறிவிட்டது, தன்மேலேயே வெறுப்பு, பிள்ளை சிரித்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சோம்பலும் இல்லை, அன்புக் குறைவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதமும், பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதமும் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினைக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். அப்பாக்களுக்கும் வரும். அவர்களிடம் அது பல நேரம் அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் விலகலாகவும் தெரியும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

மருத்துவரிடம் போங்கள். உங்களுக்காகப் போகத் தயங்கினால் பிள்ளைக்காகப் போங்கள். மிர்னா வைஸ்மன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 151 தாய்மார்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வில் சிகிச்சை கொடுத்தது தாய்க்கு மட்டும்தான். மூன்று மாதத்தில் தாய் குணமான வீடுகளில் பிள்ளைகளின் மனநலப் பிரச்சினைகளும் குறைந்தன. குணமாகாத வீடுகளில் அவை கூடின. செத்துப்போகலாம் என்ற எண்ணமோ, பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்ற பயமோ வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள், அவசர மருத்துவ உதவிக்குப் போங்கள்.

படி 8: இன்னொருவர் பிள்ளைக்கு நீங்கள் அந்த ஒரு ஆளாக இருங்கள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. 1955ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாக இருந்தன. அப்படி வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள மனிதராக எழுந்து நின்றார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, உறுதியாகப் பக்கத்தில் நின்ற குறைந்தது ஒரு பெரியவர். அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருந்தது, அண்ணனாக இருந்தது, ஆசிரியராக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தது.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். போன தடவை அந்தப் பிள்ளை சொன்ன ஒன்றை நினைவு வைத்து இந்தத் தடவை கேளுங்கள். வருவேன் என்று சொன்னால் வாருங்கள். பெற்றோரைப் பற்றிக் குறை பேசாதீர்கள். எப்போதாவது செய்யும் பெரிய உதவியைவிட, மாறாமல் தொடரும் சின்ன அக்கறைதான் பிள்ளையின் மனதில் தங்கும். பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 2016ல் கனடாவில் வந்த ஓர் ஆய்வில், மனம் வெந்து களைத்துப்போன ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளிடம் காலையில் எடுத்த உமிழ்நீரில், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் கூடுதலாக இருந்தது. நம் களைப்பைப் பிள்ளைகள் உடம்பில் சுமக்கிறார்கள். பள்ளி நடத்துபவர்கள் இதை ஆசிரியரின் சொந்தப் பிரச்சினை என்று தள்ளிவிடாமல், வேலைச்சுமையைக் குறைப்பதை மாணவர் நலனுக்கான வேலையாகவே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 9: வீதிக்கு வாருங்கள்

1997ல் வெளியிட்ட ஆய்வுக்காக ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் சிகாகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சில எளிய கேள்விகள் கேட்டார்கள். பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? இங்கே இருப்பவர்களை நம்பலாமா? ஆம் என்று அதிகம் பேர் சொன்ன பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதும், "நம்ம பிள்ளைங்க" என்று நினைப்பதும் ஒரு பகுதியையே காக்கும் பலம்.

ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006ல் தொடங்கியதையும் சொல்ல வேண்டும். அங்கே அப்போது மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அவர் ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் மொழியில் அந்த வேதனைக்குப் பெயர் "குஃபுங்கிசிசா", அதாவது அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது. 2016ல் வெளிவந்த பரிசோதனையில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

நீங்கள் பெஞ்சு போட வேண்டியதில்லை. நான்கைந்து பெற்றோரோடு தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், எப்போதும் அதே நாள், அதே இடம். முதல் விதி: இங்கே கேட்டது இங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவது: கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது. மூன்றாவது: பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசக்கூடாது. மூன்றாவது விதிதான் எங்கள் குழுவைக் காப்பாற்றியது. அது இல்லாத முதல் இரண்டு கூட்டங்களிலும் எல்லோரும் வந்ததைவிடக் கூடுதல் பதற்றத்தோடு திரும்பிப் போனோம்.

மூன்றாம் மாதத்தில் ஆள் குறையும். ஒரு கூட்டத்துக்கு இரண்டே பேர் வருவீர்கள். கலைத்துவிடாதீர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். வராதவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்காமல், "அடுத்த தடவை உங்களுக்கும் இடம் வெச்சிருக்கோம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். எங்கள் குழுவில் அப்படி நான்கு மாதம் வராமல் இருந்த ஒரு அம்மா, ஒருநாள் வந்து கதவருகிலேயே நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். அவர் உட்கார்ந்து, இருபது நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தார்.